கழித்தல் ஒன்று

அவள் போட்டிருந்த விடை 80. புத்தகத்தின் பின்பக்கத்தில் இருந்தது 78.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தோடு ஒரு வருஷம் கழித்த எவருக்கும் அந்தக் கணக்கு நினைவிருக்கும். ஓர் அரங்கில் முன்வரிசையில் 20 இருக்கைகள். மொத்தம் 30 வரிசைகள். ஒவ்வொரு வரிசையிலும் அதற்கு முந்தையதைவிட இரண்டு இருக்கைகள் கூடுதல். கடைசி வரிசையில் எத்தனை? இருபதை வைத்துக்கொண்டு, முப்பது வரிசைக்கு இரண்டிரண்டாக அறுபதைச் சேர்த்து, எண்பது என்று முடித்து, அடியில் இரட்டைக் கோடும் இழுத்திருந்தாள்.

கோவில்பட்டியில் என் வீட்டு முன்னறையில் மாலை ஆறரைக்குத் தொடங்கும் டியூஷன். வருகிற பிள்ளைகளில் பாதிப் பேருடைய அம்மாக்கள் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறவர்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போய், தண்ணீர் பிடித்து வைத்து, தம்பி தங்கைகளுக்கு எதையாவது தின்னக் கொடுத்துவிட்டுத்தான் இங்கே வருவார்கள். அசந்த கண்ணோடு வந்து உட்காரும் பிள்ளைக்குக் கணக்கைச் சுருக்கமாகக் கொடுத்து அனுப்பிவிட வேண்டும் என்ற இரக்கம் எனக்கு உண்டு. அந்த இரக்கத்தில்தான் பதினான்கு வருஷமாகச் சூத்திரத்தை முதலில் கொடுத்துவந்தேன். அன்றைக்கும் அவள் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "சூத்திரம் சொல்லு" என்றேன்.

"டி என் ஈக்வல் டு ஏ பிளஸ் என் மைனஸ் ஒன் இன்டு டி." ஒரே மூச்சில் ஒப்பித்தாள்.

"அப்ப ஏன் முப்பதால பெருக்கியிருக்க? இருபத்தொம்பதாலதான பெருக்கணும்?"

"அது தெரியும் மிஸ். போட்டா எழுபத்தெட்டு வருதுன்னும் தெரியும். ஆனா வரிசை முப்பது இருக்குல்ல? எதுக்கு ஒண்ணக் கழிக்கணும்னுதான் தெரியல."

பதினான்கு வருஷத்தில் இந்தக் கேள்வியை ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. கேட்பதற்கு நான் இடம் வைக்கவில்லை. முதல் உறுப்பு, பொது வித்தியாசம், எத்தனையாவது உறுப்பு என்று மூன்றையும் பெட்டி கட்டி எழுதி, சூத்திரத்தில் பிரதியிட்டு, விடையைக் கறக்கக் கற்றுக் கொடுத்திருந்தேன். அந்தக் கழித்தல் ஒன்று சூத்திரத்தின் நடுவே ஒரு சிறு எலும்பு மாதிரி கிடந்தது. எல்லாரும் அதை மெல்லாமலே விழுங்கிவிட்டார்கள், நானும்தான்.

பிள்ளைகளை எழுப்பித் தெருவுக்குக் கூட்டிப்போனேன். முனையிலிருக்கும் கரண்டு போஸ்ட்டில் அவளை நிறுத்தி, எட்டாவது போஸ்ட்வரை நடந்துபோய்த் திரும்பச் சொன்னேன். மற்றவர்கள் எண்ணினார்கள். போகும்போது எட்டு என்றார்கள். அவள் திரும்பி வந்ததும், "எத்தனை போஸ்ட் தொட்ட?" என்று கேட்டேன். எட்டு. "போகும்போது ஒரு போஸ்ட்லருந்து இன்னொண்ணுக்கு எத்தனை தடவ நடந்த?" அவள் விரலை மடக்கி, நிமிர்ந்து, "ஏழு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே சொன்னாள்: "மொத போஸ்ட்டுக்கு நடக்கவே இல்ல மிஸ். அங்கதான நின்னேன்."

முதல் உறுப்பை அடைய யாரும் அடி எடுத்து வைப்பதில்லை. அது கொடுக்கப்பட்டது. முன்வரிசையில் 20 இருக்கைகள் இருக்கின்றன என்று கணக்கே சொல்லிவிடுகிறது. கூட்டல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. முப்பது வரிசைகளுக்கு நடுவே இருபத்தொன்பது தாண்டல்கள். நாம் எண்ணுவது நிற்கிற இடங்களை, கூட்டுவது கடக்கிற இடைவெளிகளை. இரண்டும் எப்போதும் ஒன்று வித்தியாசப்படும்.

இது பள்ளிக்கூடத்துக்கு வெளியே நமக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் என்பதுதான் எனக்கு வியப்பு. இன்றைக்குச் செவ்வாய் என்றால் அடுத்த செவ்வாயை "இன்னைக்கு எட்டாம் நாள்" என்கிறோம். வாரத்துக்கு ஏழு நாள்தான், ஆனால் இன்றைக்கே ஒன்று என்று வைத்து எண்ணினால் அந்தச் செவ்வாய் எட்டில்தான் வந்து நிற்கும். நெல்லையப்பர் கோயில் ஆனித் திருவிழாவில் கொடியேறுகிற நாள் முதல் திருநாள், தேர் ஒன்பதாம் திருநாள். கொடிக்கும் தேருக்கும் நடுவே எட்டு இரவுகள். வயது கேட்டால் பெரியவர்கள் "அம்பது முடிஞ்சு அம்பத்தொண்ணு நடக்கு" என்பார்கள். முடிந்தது ஓர் எண், நடப்பது ஓர் எண். கழித்தல் ஒன்று அந்த இரண்டுக்கும் நடுவேதான் இருக்கிறது. அறுபதாம் கல்யாணம் அறுபது முடிந்து அறுபத்தொன்று பிறக்கும்போது நடக்கிறது. பிரபவ முதல் அட்சய வரை அறுபது பெயர்களும் தீர்ந்து, பிறந்த வருஷத்தின் பெயர் அறுபத்தொன்றாவதாகத் திரும்பி வரும். அறுபது அடி வைத்தால் அறுபத்தொன்றாவது படி. பாட்டிமார்கள் பிசகாமல் எண்ணும் கணக்கை நான் ஆங்கில எழுத்துகளில் மறைத்து வைத்திருந்தேன்.

பாஸ்கராச்சாரியார் 1150-இல் எழுதிய லீலாவதியில் இந்தக் கணக்குக்கு ஒரு தனி அத்தியாயமே உண்டு. கூட்டுத் தொடர்வரிசையை அங்கே சிரேடி என்பார்கள். முதல் உறுப்பு முகம். உறுப்புகளின் எண்ணிக்கை பதம், அதாவது அடி. கச்சம் என்றும் சொல்வதுண்டு, செல்லுதல் என்ற வேரிலிருந்து வந்த சொல். கடைசி உறுப்பு அந்த்யதனம், நடு உறுப்பு மத்யதனம், கூட்டிவந்த மொத்தம் சர்வதனம். எல்லாம் தனம், எல்லாம் செல்வம். நம்முடைய கழித்தல் ஒன்றுக்கு அவர் ஒரே சொல் வைத்திருந்தார்: வ்யேகபதம். ஏகம் நீங்கிய பதம். கடைசி உறுப்பைக் கண்டுபிடிக்கும் விதியை அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறார். நான் எலும்பு என்று ஒதுக்கியதை அவர் வாசலில் வைத்திருக்கிறார். மறுநாள் அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். பரீட்சையில் அதற்கு மார்க் கிடையாது என்றும் சொன்னேன். ஆனாலும் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

அதன்பிறகு அந்தப் பாடத்தை முதலிலிருந்து, சூத்திரமே இல்லாமல் நடத்திப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். பரீட்சைக்கு நாள் இருந்தது, அந்தத் தைரியம்தான்.

புத்தகத்தில் ஒரு தாய் வருவாள். 207 ரூபாயை மூன்று பங்காக்கி மூன்று பிள்ளைகளுக்குத் தருகிறாள். பங்குகள் கூட்டுத் தொடர்வரிசையில் இருக்கின்றன. சிறிய இரண்டு பங்குகளின் பெருக்கற்பலன் 4623. இதற்குக் கைடுகளில் ஒரு வழி உண்டு: மூன்று எண்களை நடுவிலிருந்து எடுத்துக்கொள், நடு எண்ணிலிருந்து வித்தியாசத்தைக் கழித்தது, நடு எண், அதோடு வித்தியாசத்தைக் கூட்டியது என்று. கூட்டினால் வித்தியாசம் அடிபட்டுப்போய் நடு எண்ணின் மூன்று மடங்கு மிஞ்சும். 207-இல் மூன்றில் ஒன்று 69. 4623-ஐ 69-ஆல் வகுத்தால் 67. ஆகவே 67, 69, 71.

இதை ஷார்ட்கட் என்று சொல்லிக் கொடுப்பதில் எனக்கு இப்போது மனம் ஒப்பவில்லை. நிற்கிற இடத்தை மாற்றிக்கொள்வது அது. ஓரத்தில் நின்று பார்த்தால் வரிசை ஒரு பக்கமாக ஏறிக்கொண்டே போகிறது. நடுவில் நின்று பார்த்தால் இரண்டு கையும் சமம். அந்தத் தாய் பங்குகளுக்கு இடையே இரண்டு ரூபாய் வித்தியாசம் வைத்தாலும் இருபது ரூபாய் வைத்தாலும் நடுப்பிள்ளைக்கு 69 ரூபாய்தான். மூத்தது கூடப் பெறுவதும் இளையது குறையப் பெறுவதும் அதைத் தொடாது. இதைச் சொன்னபோது மூன்று பேரில் நடுவாகப் பிறந்த ஒரு பையன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான்.

எகிப்தில் ஏறத்தாழ கி.மு. 1550-இல் ஆமெஸ் என்ற எழுத்தர் படியெடுத்த பாப்பிரஸ் சுருள் ஒன்று இப்போது லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. 1858-இல் லக்சரில் அதை வாங்கியவரின் பெயரால் ரைண்ட் பாப்பிரஸ் என்கிறார்கள். அதிலுள்ள ஒரு கணக்கில் 100 ரொட்டிகளை ஐந்து பேருக்குச் சமமான ஏற்றத்தில் பங்கிட வேண்டும். மேலே உள்ள மூவரின் பங்கு கீழே உள்ள இருவரின் பங்கைப்போல் ஏழு மடங்கு இருக்க வேண்டும். நடுவில் நிற்பவருக்கு 20 ரொட்டி என்பது எதையும் கணக்கிடும் முன்பே தெரிந்துவிடுகிறது. ஆமெஸ் அப்படித் தொடங்கவில்லை. கடைசி ஆளுக்கு ஒரு ரொட்டி, வித்தியாசம் ஐந்தரை என்று சும்மா வைத்துக்கொள்கிறார். 1, 6½, 12, 17½, 23. கூட்டினால் 60. நூறாக்க வேண்டுமானால் எல்லாவற்றையும் ஒன்றே மூன்றில் இரண்டால் பெருக்க வேண்டும். கடைசி ஆளுக்கு 1⅔ ரொட்டி, முதல் ஆளுக்கு 38⅓. இருபத்து மூன்று மடங்கு. கணக்கு அழகாக முடிகிறது. ஆனால் அந்தக் கடைசி ஆளை என்னால் எளிதில் மறக்க முடியவில்லை.

கூட்டல் பாடத்துக்கு வந்தபோது எல்லாரும் சொல்கிற கணித மேதை காஸ் கதையைத் தள்ளி வைத்தேன். சிறுவன் காஸ் வகுப்பில் ஒன்று முதல் நூறு வரை நொடியில் கூட்டி 5050 என்று சிலேட்டை வைத்த கதை. அவர் 1855-இல் மறைந்தபின், அடுத்த வருஷம் நண்பர் சார்டோரியஸ் எழுதி வெளியிட்ட நினைவு நூலில்தான் அந்தச் சம்பவம் முதலில் வருகிறது. ஒரு கூட்டுத் தொடர் என்று இருக்கிறதே தவிர, ஒன்று முதல் நூறு என்று அங்கே இல்லை. நூறு பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. அந்தக் கதையைக் கேட்கிற பிள்ளைகள் மேதைக்குத்தான் இது தோன்றும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அதற்குப் பதில் புறாக் கணக்கைச் சொன்னேன். சார்லமேனின் அவையில் இருந்து, 804-இல் இறந்த அல்குவின் தொகுத்ததாகக் கருதப்படும் புதிர்களில் ஒன்று அது. நூறு படி உள்ள ஏணி. முதல் படியில் ஒரு புறா, இரண்டாம் படியில் இரண்டு, இப்படி நூறாம் படியில் நூறு. மொத்தம் எத்தனை? அங்கே தரப்பட்ட வழியில் ஒன்றை நூறோடு சேர்க்கவில்லை, தொண்ணூற்றொன்பதோடு சேர்த்திருக்கிறார்கள். ஒன்றும் தொண்ணூற்றொன்பதும் நூறு, இரண்டும் தொண்ணூற்றெட்டும் நூறு. இப்படி நாற்பத்தொன்பது ஜோடிகள். ஐம்பதாம் படியும் நூறாம் படியும் ஜோடி இல்லாமல் தனியே நிற்கும். நாலாயிரத்துத் தொள்ளாயிரம், ஐம்பது, நூறு. 5050. யாரோ நிஜமாகவே ஏணியைப் பார்த்துக்கொண்டு யோசித்திருக்கிறார்கள் என்பது அந்தத் தனித்து நின்ற இரண்டு படிகளில் தெரிகிறது.

கேரளத்தில் 1444-இல் பிறந்த நீலகண்ட சோமயாஜி ஆரியபடீயத்துக்கு எழுதிய பாஷ்யத்தில் தொடரை ஒரு படமாகவே வரையச் சொல்கிறார். ஒவ்வோர் உறுப்பும் ஒரு பட்டை. பட்டைகளை அடுக்கினால் படிக்கட்டு. அதே மாதிரி இன்னொரு படிக்கட்டைத் தலைகீழாகத் திருப்பி முதலாவதன்மேல் பொருத்தினால் பள்ளங்கள் நிரம்பிச் சதுரமூலையுள்ள ஒரு கட்டம் கிடைக்கிறது. அதில் பாதிதான் கூடுதல். அட்டையில் வெட்டிக் கொண்டுவரச் சொன்னேன். தீப்பெட்டி அட்டையில் வெட்டிக்கொண்டு வந்தார்கள்.

என் அம்மா மார்கழியில் போடும் கோலங்களில் எனக்குப் பிரியமானது 15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி. நடுவரிசையில் பதினைந்து, மேலும் கீழும் பதினான்கு, பதின்மூன்று என்று ஒவ்வொன்றாகக் குறைந்து எட்டில் நிற்கும். ஒரு பக்கத்தில் ஏழு வரிசைகள், நடு வரிசையில் பதினொன்று, ஆக எழுபத்தேழு. இரண்டு பக்கமும் 154. நடுவிலுள்ள பதினைந்தைச் சேர்த்தால் 169. அது பதின்மூன்றின் வர்க்கம். அதாவது அம்மா வைத்த அதே புள்ளிகளை, ஒன்றுகூட மிஞ்சாமல், 13 வரிசை நேர்ப்புள்ளியாகவும் வைத்திருக்கலாம். அறுகோண அடுக்கும் சதுர அடுக்கும் இப்படிப் பொருந்துவது அபூர்வம். ஒற்றைப் புள்ளியை விட்டுவிட்டால் 169-தான் முதலாவது. அடுத்தது 32761, நடுவரிசையில் 209 புள்ளி வைத்து 105 வரை போக வேண்டும். அது எந்த வாசலுக்கும் அடங்காது. நம் பெண்கள் அதிகம் போடுகிற புள்ளிக் கணக்குகளில் ஒன்று அந்த முதல் பொருத்தமாகவே இருக்கிறது. யாரும் அதைத் தேடி வைத்ததாக நான் சொல்ல மாட்டேன். ஆனால் பத்து வயதிலிருந்து பார்த்த கோலத்தில் இதை நாற்பத்தைந்து வயதில் கண்டபோது, வாசலில் உட்கார்ந்து புள்ளிகளை மறுபடி மறுபடி எண்ணினேன்.

லீலாவதியில் ஒரு அரசன் எதிரியின் யானைகளைக் கைப்பற்றப் புறப்படுகிறான். முதல் நாள் இரண்டு யோசனை தூரம். பிறகு ஒவ்வொரு நாளும் ஒரே அளவில் கூட்டிக்கொண்டே போய், ஏழு நாளில் எண்பது யோசனை தாண்டி எதிரியின் நகரை அடைகிறான். தினமும் எவ்வளவு கூட்டினான்? சூத்திரம் இல்லாமல் போடச் சொன்னேன். அன்றைக்கு எண்பது என்று எழுதியவள்தான் முதலில் கையைத் தூக்கினாள். ஏழு நாளில் எண்பது என்றால் நடு நாளான நாலாம் நாள் 80/7. முதல் நாள் இரண்டு. வித்தியாசம் 66/7. "ஒண்ணுலருந்து நாலுக்கு மூணு போஸ்ட்தான் மிஸ் நடக்கணும்" என்றாள். மூன்றால் வகுத்தால் 22/7.

22/7 என்றதும் வகுப்பில் ஒரு சலசலப்பு. வட்டமே இல்லாத கணக்கில் அந்த எண் எப்படி வந்தது என்று கேட்டார்கள். லீலாவதியே வேறோர் இடத்தில் வட்டத்துக்குத் தோராயமாக 22/7-ஐச் சொல்கிறது. இங்கே அது எண்பதையும் ஏழையும் இரண்டையும் அடுக்கிய அடுக்கில் விழுந்த எண், வட்டத்தோடு உறவில்லை. ஆனால் நாள்களை எழுதிப் பாருங்கள்: 2, 5 1/7, 8 2/7, 11 3/7, 14 4/7, 17 5/7, 20 6/7. முழு எண்கள் மூன்று மூன்றாக ஏறுகின்றன, ஏழின் பின்னங்கள் ஒன்றொன்றாக ஏறுகின்றன. ஒரு தொடர்வரிசைக்குள் இன்னொன்று. லீலாவதியின் அளவில் ஒரு யோசனை 32000 முழம். முழத்தை ஒன்றரை அடி என்று கொண்டால் ஏழாம் நாள் அந்தப் படை முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்திருக்க வேண்டும். எந்தச் சேனையும் நடக்காது. சமமாகக் கூடிக்கொண்டே போவது எவ்வளவு சீக்கிரம் மனித சக்தியைத் தாண்டிவிடும் என்பதை அந்த ஏழு எண்கள் எனக்கு உணர்த்தின.

அதே உணர்வு பாடப்புத்தகத்தின் கடன் கணக்கிலும் வரும். ஒருவர் 65,000 ரூபாய்க் கடனை முதல் மாதம் 400 ரூபாய், பிறகு ஒவ்வொரு மாதமும் 300 ரூபாய் கூட்டி அடைக்கிறார். எத்தனை மாதத்தில் அடைபடும்? கடன் தெரிந்த பிள்ளைகள் இவர்கள். வட்டி எங்கே என்று கேட்டார்கள். கணக்கில் வட்டி இல்லை. கடைசி மாதம் 6,100 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும். முதல் மாதம் நானூறு மட்டுமே புரட்ட முடிந்தவருக்கு அந்த ஆறாயிரம் எங்கிருந்து வரும் என்றும் ஒருத்தி கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியை அவள் வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்த வகைக் கணக்கில் எண்ணிக்கையே தெரியாது. ஆரியபடர் இருபத்து மூன்று வயதில், 499-இல், இதற்கு ஒரே செய்யுளில் விடை சொல்லியிருக்கிறார். மொத்தத்தை எட்டாலும் வித்தியாசத்தாலும் பெருக்கு. முதலின் இரு மடங்குக்கும் வித்தியாசத்துக்கும் உள்ள இடைவெளியின் வர்க்கத்தைச் சேர். வர்க்கமூலம் எடு. முதலின் இரு மடங்கைக் கழி. வித்தியாசத்தால் வகு. ஒன்றைக் கூட்டு. பாதியாக்கு. நாங்கள் கடனை அதில் போட்டோம். 65,000-ஐ எட்டாலும் முந்நூறாலும் பெருக்கினால் 15,60,00,000. எண்ணூறுக்கும் முந்நூறுக்கும் இடைவெளி ஐந்நூறு, அதன் வர்க்கம் 2,50,000. சேர்த்தால் 15,62,50,000. வர்க்கமூலம் 12,500, மிச்சமில்லாமல். 800-ஐக் கழித்தால் 11,700. முந்நூறால் வகுத்தால் 39. ஒன்றைக் கூட்டினால் 40. பாதி 20. இருபது மாதம்.

முப்பத்தொன்பது என்று வந்த இடத்தில் அவள் என்னைப் பார்த்தாள். "இங்க ஒண்ணக் கூட்டச் சொல்றாரு மிஸ்." ஆமாம். முன்னால் போகும்போது கழித்த ஒன்றை, திரும்பி வரும்போது வைத்துவிட வேண்டும்.

இருபடிச் சமன்பாடாகப் போட்டால் இதற்கு இரண்டு விடைகள் வரும். ஒன்று 20, இன்னொன்று குறை எண். "மாதம் குறை எண்ணாக இருக்க முடியாது" என்று ஒரு வரி எழுதி அடித்துவிடச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அந்த வரியை எழுதினால்தான் முழு மார்க். இந்தக் கணக்கில் குறை விடை முழு எண்ணும் இல்லை, ஒன்றும் இழப்பில்லை. ஆனால் லீலாவதியில் இன்னொன்று இருக்கிறது. ஒருவர் முதல் நாள் மூன்று திரம்மம் தானம் செய்கிறார், தினமும் இரண்டு கூட்டுகிறார், மொத்தம் 360 கொடுத்துவிட்டார். எத்தனை நாள்? விடை 18. குறை விடை 20.

அன்றைக்கு அந்தக் குறை இருபதை அடிக்க மனம் வரவில்லை. வரிசையை முதல் நாளுக்குப் பின்பக்கமாக எழுதிப்போகச் சொன்னேன். மூன்றுக்கு முந்தைய நாள் ஒன்று. அதற்கு முந்தைய நாள் குறை ஒன்று. அப்புறம் குறை மூன்று, குறை ஐந்து, இருபதாவது நாள் குறை முப்பத்தேழு. கொடுத்தது குறை என்றால் என்ன? வாங்கியது. அந்த மனிதர் தானம் தொடங்குவதற்கு இருபது நாள் முன்பு முப்பத்தேழு திரம்மம் வாங்கியிருக்கிறார், அடுத்த நாள் முப்பத்தைந்து, இப்படி இறங்கி இறங்கி ஒரு நாள் ஒன்று மட்டும் வாங்கி, மறுநாள் முதன்முதலாக ஒன்று கொடுத்திருக்கிறார். வாங்கியது மொத்தம் 361, பத்தொன்பதின் வர்க்கம். கொடுத்த ஒன்றைக் கழித்தால் கையில் நின்றது 360. இருபது நாளில் சேர்ந்த அந்த 360-ஐத்தான் அடுத்த பதினெட்டு நாளில் கொடுத்து முடித்திருக்கிறார்.

யாரும் பேசவில்லை. வெளியே பால்காரர் மணி அடித்துக்கொண்டு போனார். நான் அழிக்கச் சொல்லிக் கொடுத்த விடைக்குள் ஒரு மனிதர் கையேந்தி நின்றிருக்கிறார், அத்தனை வருஷமும்.

இரண்டு நாள் கழித்து அவள் சீக்கிரமே வந்துவிட்டாள். நோட்டில் பழைய அரங்குக் கணக்கைத் திரும்ப எழுதியிருந்தாள். "மிஸ், அந்த தானத்துல மூணுக்கு முன்னாடி ஒண்ணு இருந்துச்சுல்ல. அதுலருந்து ஆரம்பிச்சா பதினெட்டாம் நாளுக்குப் பதினெட்டு அடிதான். ஒண்ணக் கழிக்கவே வேண்டாம்." சரி என்றேன். "அப்ப இங்கயும் முன்வரிசைக்கு முன்னாடி ஒரு வரிசை இருக்கு. போடாம விட்டுட்டாங்க. அதுல பதினெட்டு. பதினெட்டுலருந்து ஆரம்பிச்சு முப்பது வரிசைக்கும் ரெண்டு ரெண்டாக் கூட்டுனா எழுபத்தெட்டு."

நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தாள். மேடைக்கும் முன்வரிசைக்கும் நடுவே, பென்சிலில், லேசாக, பதினெட்டு நாற்காலிகளை வரைந்திருந்தாள்.